பன்னிரு தந்திக் கித்தாருக்கு வயது என்ன?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. சந்தையில் மாடு பிடிக்கிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். விற்பவர் சொல்லும் வயது ஒன்றாக இருக்கும். பல் சொல்லும் வயது வேறாக இருக்கும்.

பழைய இசைக்கருவிகளின் சந்தையிலும் இதே கதைதான். ‘அறுபதுகளில் செய்தது’ என்ற ஒரு சொல்லே விலையை ஏற்றிவிடுகிறது. அதிலும் பன்னிரண்டு தந்திகள் கொண்ட மரக் கித்தாரை வாங்குவோர் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டியுள்ளது. காரணம், இந்தக் கருவியைத் தேய்ப்பது காலம் மட்டும் அன்று. அதன் சொந்தத் தந்திகளே அதை நாள்தோறும் வளைத்துக்கொண்டிருக்கின்றன.

வழக்கமான கித்தாரில் ஆறு தந்திகள். பன்னிரு தந்திக் கித்தாரில் ஒவ்வொரு தந்திக்கும் பக்கத்தில் ஒரு துணைத் தந்தி. மெல்லிய இரண்டு சோடிகளும் ஒரே சுருதியில் இருக்கும். மற்ற நான்கு சோடிகளில் துணைத் தந்தி ஒரு ஸ்தாயி மேலே நிற்கும். ஒருவர் மீட்டினால் இருவர் மீட்டுவது போன்ற அடர்த்தி வருவது இதனால்தான். ஆனால் அதற்கு விலை உண்டு. ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 75 கிலோ என்றால், பன்னிரண்டு தந்திகளின் இழுவிசை 110 கிலோவைத் தொடும். இரண்டு பெரிய அரிசி மூட்டைகளுக்கும் மேற்பட்ட பாரத்தை, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒரு பலகை இரவு பகலாகத் தாங்கி நிற்கிறது!

இந்தக் கருவி அமெரிக்காவில் உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அன்று அது மேடைக் கலைஞர்களின் கருவியன்று. தெருவோரப் பாடகர்களின் கருவி. நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் இருந்த ஆஸ்கர் ஷ்மிட் தொழிற்சாலை, ‘ஸ்டெல்லா’ என்ற பெயரில் மலிவு விலைக் கித்தார்களைச் செய்து தள்ளியது. அட்லாண்டா நகரத்துப் பார்வையற்ற பாடகர் வில்லி மெக்டெல் கையில் இருந்தது பன்னிரு தந்திக் கருவி. லெட் பெல்லி என்று உலகம் அறிந்த ஹட்டி லெட்பெட்டரின் கையில் இருந்ததும் அதுவே. 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் கைதியாக இருந்த லெட் பெல்லியின் பாடல்களை, நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸ் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் வழியாகத்தான் ஒரு ஏழைக் கருவியின் முழக்கம் வெளியுலகுக்குக் கேட்டது. 1949இல் லெட் பெல்லி மறைந்தார்.

அவர் வாசித்தது ஸ்டெல்லா என்பதால் இன்று அந்தப் பெயருக்கே தனி மவுசு. இங்கேதான் முதல் பொறி காத்திருக்கிறது.

ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனத்தின் கையில் இருந்த ஸ்டெல்லா என்ற பெயரை 1939இல் சிக்காகோவின் ஹார்மனி நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு ஹார்மனி செய்த கித்தார்களின் தலையிலும் ஸ்டெல்லா என்றே எழுதியிருந்தது. 1960களில் மாணவர்களுக்காக மலிவு விலையில் வெளிவந்த பன்னிரு தந்திக் கித்தார்களும் அவற்றில் அடக்கம். பெயர் ஒன்று, தொழிற்சாலை வேறு, காலம் வேறு. ‘லெட் பெல்லி வாசித்த அதே ஸ்டெல்லா’ என்று கூவி விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த ஹார்மனி ரகமே. விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருப்பதில்லை.

அடையாளம் காண்பது கடினமன்று. ஒலித்துளை வழியே ஒரு சிறு கைவிளக்கை அடித்து உட்புறத்தைப் பார்த்தால், ஹார்மனி கித்தார்களில் ‘எச்’ என்ற எழுத்தோடு தொடங்கும் ரக எண்ணும், ‘எஃப்-66’ என்பது போன்ற முத்திரையும் மங்கலாகத் தெரியும். அந்த இரண்டு இலக்கங்களே ஆண்டு. முத்திரை அழிந்திருந்தால் ஆண்டைச் சரியாகச் சொல்வது அரிது. ஹார்மனி 1975இல் கதவை அடைத்தது. ஆகவே அதற்குப் பிந்திய சிக்காகோ ஹார்மனி என்று ஒன்று இல்லை.

பெரிய நிறுவனங்கள் இந்தக் கருவியின் பக்கம் திரும்பியது 1960களில்தான். கிப்சன் 1961இல் பி-45-12 என்ற ரகத்தை வெளியிட்டது. 1963இன் தொடக்கத்தில் ரூஃப்டாப் சிங்கர்ஸ் குழுவின் ‘வாக் ரைட் இன்’ அமெரிக்காவின் முதலிடத்தைப் பிடித்தபோது, அதில் முழங்கிய பன்னிரு தந்திகளைக் கேட்ட இளைஞர்கள் கடைகளுக்குப் படையெடுத்தனர். பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரிலிருந்து மார்ட்டின் நிறுவனம் 1964இல் டி12-20 என்ற மகோகனிக் கித்தாரையும், 1965இல் டி12-35 என்ற ரோஸ்வுட் கித்தாரையும் கொண்டுவந்தது. கில்டு நிறுவனமும் களத்தில் இறங்கியது. அந்த அலையில் பிறந்த கருவிகளே இன்று ‘பழமை’ என்ற பெயரில் அதிகமாகக் கைமாறுகின்றன.

அந்த அலை எவ்வளவு பெரியது என்பதை மார்ட்டினின் வரிசை எண்களே சொல்லிவிடும். 1963இன் கடைசி எண் 193327. 1964இன் கடைசி எண் 199626. அதாவது ஓர் ஆண்டில் ஏறக்குறைய 6,300 கித்தார்கள். 1969இன் கடைசி எண் 256003. 1970இன் கடைசி எண் 271633. ஓர் ஆண்டில் 15,600க்கு மேல்! ஆறே ஆண்டுகளில் உற்பத்தி இரண்டரை மடங்கு.

வயதைக் கணிக்க மார்ட்டின் அளவுக்கு எளிதான நிறுவனம் வேறில்லை. 1898 முதல் எண்கள் ஒரே வரிசையில் ஓடுகின்றன. ஒலித்துளை வழியே பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள மரக்கட்டையில் ரகத்தின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். 1965இல் 207030, 1966இல் 217215, 1967இல் 230095, 1968இல் 241925 என ஒவ்வோர் ஆண்டும் முடிந்த எண் வெளியிடப்பட்டுள்ளது. எனவே 204 ஆயிரத்துச் சொச்சம் என்றால் அது 1965. 225 ஆயிரம் என்றால் 1967. இதில் வாதத்துக்கே இடமில்லை.

கிப்சன் அதற்கு நேர்மாறு. 1963 முதல் 1969 வரை ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கித்தார்களில் அந்நிறுவனம் பொறித்திருக்கிறது. எண்ணை மட்டும் வைத்து ‘இது 1964’ என்று அடித்துச் சொல்பவரை நம்பக் கூடாது. ஆனால் ஒரு தடயம் உதவும். ‘அமெரிக்காவில் செய்யப்பட்டது’ என்ற வாசகம் தலைப்பகுதியின் பின்புறத்தில் அழுந்தப் பொறிக்கப்படுவது 1970 முதல்தான் வழக்கமானது. அந்த எழுத்துகள் இருக்கும் பி-45-12 கித்தாரை 1965 என்று ஒருவர் விற்க வந்தால், அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். 1977இல் வந்த எட்டு இலக்க முறையில்தான் தெளிவு பிறந்தது: முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு, நடுவிலுள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு.

கில்டு கித்தாரில் எண்ணுக்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் ஹோபோக்கன் என்றிருந்தால் அது பழையது. வெஸ்டர்லி என்றிருந்தால் 1960களின் பிற்பகுதிக்கும் 2001க்கும் இடைப்பட்டது. அதுபோல, பழைய யமஹா கித்தார்களில் ‘நிப்பான் காக்கி’ என்ற பெயர் இருந்தால், நிறுவனம் பெயர் மாற்றிக்கொண்ட 1987க்கு முந்தியது என்று உறுதி. சிவப்புச் சீட்டு ஒட்டிய எஃப்ஜி ரகங்கள் 1960களின் இறுதி, 1970களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய சாமான் கடையில் மார்ட்டின் கிடைப்பது குதிரைக் கொம்பு. யமஹாவோ கைக்கு எட்டும்.

எண் பொய்யாகலாம், கழுத்தையோ சீட்டையோ மாற்றிவிடலாம். அதனால்தான் எண்ணும் உடலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. மார்ட்டினை எடுத்துக்கொண்டால், தந்திகள் படாமல் முன்பலகையைக் காக்கும் தகடு 1966, 1967 வாக்கில் ஆமையோட்டு நிறத்திலிருந்து கருப்புக்கு மாறியது. உள்ளே பிரிட்ஜின் அடியில் உள்ள சிறிய மேப்பிள் பலகைக்குப் பதில் பெரிய ரோஸ்வுட் பலகை வந்தது 1968, 1969 வாக்கில். 1965 எண் உள்ள கித்தாருக்குள் ரோஸ்வுட் பலகை இருந்தால், யாரோ ஒருவர் இடையில் கைவைத்திருக்கிறார் என்று பொருள். பழுது பார்த்தது குற்றமன்று. மறைத்து விற்பதுதான் குற்றம்.

இவற்றையெல்லாம் விட விலையைத் தூக்கிப் போடும் மாற்றம் ஒன்று உண்டு. அதில் தமிழ் மண்ணுக்கும் பங்கு இருக்கிறது.

மார்ட்டின் தன் உயர்ரகக் கித்தார்களின் முதுகுக்கும் விலாவுக்கும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தைப் பயன்படுத்திவந்தது. 1960களில் அகலமான பலகைகள் கிடைப்பது குறைந்தது. டி12-35 கித்தாரின் பின்பலகை மூன்று துண்டுகளாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. குறுகிய பலகைகளை வீணாக்காமல் பயன்படுத்தக் கண்ட வழி அது. இறுதியில் 1969இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அந்த மரம் வேறொன்றுமில்லை. நீலகிரி, வயநாடு, குடகு மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரமே. தோதகத்தி என்றும் தமிழில் அதற்குப் பெயர். பழைய வீட்டுக் கட்டில்களிலும் அலமாரிகளிலும் கண்ட அதே கருஞ்சிவப்பு மரம், நாசரேத்தில் கித்தாராகிப் பாடியது.

ஓசையில் ஈட்டி மரம் எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. ஆனால் சந்தை அப்படிப் பார்ப்பதில்லை. பிரேசில் மரத்தில் செய்த டி12-35 கணிசமாக அதிக விலைக்குப் போகிறது. எண் 1969ஆம் ஆண்டுக்குரியதாக இருந்தால் எந்த மரம் என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஈட்டியில் வரிகள் பெரும்பாலும் நேராக, ஊதா கலந்த பழுப்பில் ஓடும். பிரேசில் மரத்தில் கரிய கோடுகள் சிலந்தி வலைபோல் ஒழுங்கின்றி அலையும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகாதவர், பழகியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

வயது தெரிந்தாயிற்று. மரமும் தெரிந்தாயிற்று. வாங்கிவிடலாமா?

கூடாது. பன்னிரு தந்திக் கித்தாரில் உண்மையான சோதனை இனிமேல்தான் தொடங்குகிறது. 50, 60 ஆண்டுகளாக 110 கிலோ இழுவிசையில் நின்ற கருவி என்ன ஆகியிருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் 1965 என்ற எண்ணுக்காகப் பணம் கொடுப்பது, வாய்க்குள் பார்த்துவிட்டுக் காலைப் பார்க்காமல் மாடு பிடிப்பதற்குச் சமம்.

முதலில் கழுத்து. தந்திகளின் இழுப்பு கழுத்தை மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாய்க்கிறது. வீணையில் மெட்டு என்பதே கித்தாரிலும் மெட்டு. பன்னிரண்டாம் மெட்டுக்கு மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வாசிக்க இலகு. 4ஐத் தாண்டினால், இரண்டு தந்திகளைச் சேர்த்து அழுத்தும் விரல் கொஞ்ச நேரத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிடும். அடுத்து, நேரான நீண்ட அளவுகோலை மெட்டுகளின் மேல் வைத்து உடல் பக்கம் நீட்டினால், அதன் நுனி பிரிட்ஜின் மேற்பரப்பை உரசிச் செல்ல வேண்டும். வீணையில் குதிரை என்பார்களே, அதுதான் கித்தாரில் பிரிட்ஜ். அளவுகோல் அதன் மேலே செல்லாமல் முகத்தில் முட்டி நின்றால், கழுத்தைக் கழற்றிச் சரியான கோணத்தில் மீண்டும் பொருத்தும் காலம் வந்துவிட்டது. அது தேர்ந்த கைவினைஞரின் வேலை. மலிவுக் கித்தாரில் அந்தக் கூலி கருவியின் விலையையே மிஞ்சிவிடும்.

சிலர் இதை மறைக்க ஒரு தந்திரம் செய்வதுண்டு. பிரிட்ஜின் மேல் தந்திகள் ஏறிச் செல்லும் எலும்புத் துண்டைத் தேய்த்துத் தேய்த்துத் தாழ்த்திவிடுவார்கள். உயரம் குறைந்ததுபோல் தெரியும். ஆகவே எலும்புத் துண்டு எவ்வளவு வெளியே நிற்கிறது என்றும் கவனிக்க வேண்டும். அது மரத்தோடு மரமாகப் படிந்தும் தந்தி உயரமாகவே இருந்தால், எளிய வைத்தியங்கள் எல்லாம் தீர்ந்துபோயின என்று கொள்ளலாம்.

கழுத்து வளைந்திருந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்தலாமே என்று கேட்கலாம். கிப்சனில் முடியும். கில்டு பன்னிரு தந்திக் கித்தார்களில் இரண்டு கம்பிகளே உண்டு. மார்ட்டினிலோ 1985 வரை திருகிச் சரிசெய்யும் கம்பி கிடையாது. அசையாத எஃகுதான் உள்ளே இருந்தது. அறுபதுகளின் டி12-20 வளைந்திருந்தால், திருகுசாவி எதற்கும் உதவாது.

அடுத்தது முன்பலகை. பிரிட்ஜுக்குப் பின்னால் அது சற்றே மேடாக இருப்பது இயல்பு. மேடே இல்லாத பழைய பன்னிரு தந்திக் கித்தாரைக் கண்டால்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று அது வாசிக்கப்படாமல் கிடந்திருக்கும், அல்லது பலகை அளவுக்கு மீறித் தடித்திருக்கும். ஆனால் பின்னால் மேடும், ஒலித்துளைக்கு அருகே பள்ளமும் ஒருசேரத் தெரிந்து, பிரிட்ஜே முன்னோக்கிக் கவிழ்ந்தாற்போல் இருந்தால் உள்சட்டங்கள் தளர்ந்திருக்கக் கூடும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பார்க்கலாம். நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. விரல் முட்டியால் பலகையை மெல்லத் தட்டினால், விடுபட்ட சட்டம் உள்ளே இரைச்சல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஒலித்துளையின் விளிம்பையும் பார்க்கத் தவறக் கூடாது. மேலே தெரியும் மர வரி விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் அது முழுப்பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை என்றால் மட்டம் என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் பன்னிரண்டு தந்திகளின் இழுப்பை அரை நூற்றாண்டு தாங்கி நிற்பதில் சிவப்புச் சீட்டு யமஹாக்கள் பல விலையுயர்ந்த கித்தார்களை வெட்கப்பட வைத்திருக்கின்றன. சேகரிப்புக்கு மார்ட்டின், வாசிப்புக்கு யமஹா என்று முடிவெடுப்பவர் ஏமாளியல்லர்.

விற்பவர் சொல்லும் கதைக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது? இதற்கு 2024இல் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. ஜெர்மனியின் பவேரியாவில் செய்யப்பட்ட ஃபிராமஸ் ‘ஹூட்டனானி’ என்ற பன்னிரு தந்திக் கித்தாரை ஜான் லென்னன் 1965இல் ‘ஹெல்ப்!’ இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வாசித்தார். பின்னர் அதைப் பாடகர் கார்டன் வாலருக்குக் கொடுத்தார். அவரிடமிருந்து அது வேறு கைக்குப் போய், 50 ஆண்டுகளுக்கு மேல் பிரிட்டனில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்தது. கண்டெடுக்கப்பட்டதும் எவரும் ‘இது லென்னனுடையது’ என்ற வாய்மொழியை அப்படியே ஏற்கவில்லை. அறுபதுகளின் புகைப்படங்களில் தெரியும் மர வரிகளையும் தேய்மானத்தையும் கித்தாரோடு ஒப்பிட்டார்கள். மரத்தின் வரி மனிதனின் கைரேகை மாதிரி. ஒரே ரகமாக இருந்தாலும் இரண்டு பலகைகள் ஒத்திருப்பதில்லை. குப்பையில் போடப்பட்டிருந்த மேட்டன் நிறுவனத்துப் பெட்டியும் மீட்கப்பட்டது; அதுவும் பழைய படங்களில் இருந்ததே. மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 6 முதல் 8 லட்சம் அமெரிக்க டாலர் எதிர்பார்க்கப்பட்ட அக்கருவி, 28 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்கு விலைபோனது.

அதே ரகம், அதே தொழிற்சாலை, அதே காலத்துக் கித்தார் ஒன்று ஆதாரம் இல்லாமல் வந்தால் சாதாரண விலைதான் பெறும். மரத்துக்கோ ஓசைக்கோ அல்ல, மெய்ப்பிக்கப்பட்ட வரலாற்றுக்கே அந்தப் பணம் கொடுக்கப்பட்டது. ஆகவே ‘இன்ன பாடகர் வாசித்தது’ என்ற கதைக்குப் புகைப்படமோ ரசீதோ இல்லாவிட்டால், அதற்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போருக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, இங்குள்ள ஈரப்பதம். வறண்ட ஊரில் அறுபது ஆண்டு இருந்த பலகை இங்கே வந்ததும் நீரை உறிஞ்சி உப்பும், மேடு கூடும், தந்தி உயரும். வந்த முதல் வாரங்களில் தந்திகளை ஒரு முழுச் சுரம் இறக்கி வைப்பது கருவிக்கு நல்லது. லெட் பெல்லி அதைவிடவும் கீழே இறக்கித்தான் வாசித்தார்.

மற்றொன்று சட்டம். பிரேசில் ரோஸ்வுட், அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் 1992 முதல் உள்ளது. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள். ஈட்டி மரத்தில் முழுமையாகச் செய்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது; பிரேசில் மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. உரிய அனுமதிப் பத்திரங்கள் இன்றி எல்லை தாண்டினால் கித்தார் பறிமுதலாகலாம். 1969க்கு முந்திய டி12-35 கித்தாருக்குப் பேரம் பேசுவோர், அதன் விலையைக் கேட்பதற்கு முன் அந்தப் பத்திரங்களைப் பெற்றுத் தர விற்பவர் தயாரா என்று கேட்டுவிடுவது நல்லது. தயங்கினால், சற்றுப் பிந்திய ஈட்டி மரக் கித்தார் ஒன்றைத் தேடிப் போகலாம்.